சுகிர்தத்தின் நகவெட்டி

"ஜெபிப்போம்" என்று யாராவது சொல்லிவிட்டால் சுகிர்தத்தின் கண்கள் தாமாக மூடிக்கொள்ளும். அடுப்பில் பால் பொங்கி வந்தாலும் மூடும். மந்தைவெளி பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் போனில் ஜெபம் பண்ணினாலும் மூடும். சின்ன வயதில் ஞாயிறு பள்ளியில், ஜெபத்தின் நடுவே கண்ணைத் திறந்தவள் அவள்தான் என்று இன்னொரு பிள்ளை டீச்சரிடம் சொல்லிக்கொடுத்தது. அந்தப் பிள்ளை எப்படிப் பார்த்தது என்று யாரும் கேட்கவில்லை. பெஞ்சின் மேல் ஏறி நின்ற அன்றோடு சுகிர்தம் கண்ணைத் திறப்பதை விட்டுவிட்டாள். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு அந்தப் பழக்கம் இன்னொருவரின் காலுக்கு வினையாக வரும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

அபிராமபுரத்தில் ஒரு பழைய வீட்டின் பின்கட்டில் அவளும் கணவர் தேவசகாயமும் குடியிருக்கிறார்கள். அவர் நந்தனத்தில் ஓர் அலுவலகத்துக்கு செக்யூரிட்டி. அவள் தையற்கடைகளிலிருந்து துணி வாங்கிவந்து, ரவிக்கைக்கு ஹூக் வைத்து, சேலைக்கு ஃபால்ஸ் அடித்துக் கொடுப்பாள். பேச்சு வராது. வீட்டுக்கு யாராவது வந்தால் "சாப்பிட்டீங்களா" என்பாள். அதற்குப் பதில் வந்துவிட்டால் அவளிடம் அடுத்த கேள்வி இருக்காது.

மயிலாப்பூர்ப் பக்கம் இருந்த அவர்கள் சபையிலிருந்து மாதம் ஒரு ஞாயிறு பிற்பகல் சிலர் அரசு ஆஸ்பத்திரி ஒன்றுக்கு ஊழியம் போவார்கள். தலைவர் கனகராஜ் அண்ணாச்சி. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து தி.நகரில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். கடையில் வியாபாரம் சூடாக இருக்கும் ஞாயிற்றுக்கிழமையிலும் தம்பியை உட்கார வைத்துவிட்டு வந்துவிடுவார். பாட்டுக்கு இரண்டு அம்மாக்கள், வசனம் வாசிக்க ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், ஜெபத்துக்கு அண்ணாச்சி. நோயாளிகளுக்குக் கொடுக்கிற பன்னும் பால் பாக்கெட்டும் தூக்க ஆள் வேண்டும் என்று சுகிர்தத்தையும் சேர்த்துக்கொண்டார்கள்.

முதல் நாளே அண்ணாச்சி, "கட்டில் கட்டிலாப் போயி ஆறுதலா ரெண்டு வார்த்தை பேசும்மா" என்று சொல்லி அனுப்பினார். ஓர் அம்மாளின் அருகில் போய் நின்றாள். "சாப்பிட்டீங்களா" என்று கேட்டாள். அந்த அம்மாளின் மூக்கில் குழாய் இருந்தது. சுகிர்தத்துக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. திரும்பலாம் என்று பார்த்தபோதுதான் அந்தக் கையைக் கவனித்தாள். நகங்கள் வளர்ந்து வளைந்து, கழுத்தோரத்தில் சொறிந்த கோடுகள் சிவப்பாகக் கிடந்தன. கைப்பையில் சாவிக்கொத்தோடு நகவெட்டி தொங்கிக்கொண்டிருந்தது. கட்டிலோரம் உட்கார்ந்து, அந்தக் கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு வெட்டினாள். வெட்டி முடித்துத் தலை நிமிர்ந்தபோது பக்கத்துக் கட்டிலிலிருந்து இன்னொரு கை நீண்டிருந்தது.

அப்படித்தான் ஆரம்பித்தது. ஆண்டுக் கூட்டத்தில் கனகராஜ் அண்ணாச்சி ஊழிய அறிக்கை வாசிக்கும்போது பாட்டு, வசனம், ஜெபம், பன், பால் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, "அப்புறம் நம்ம சுகிர்தம் நகம் வெட்டுது" என்பார். சபை சிரிக்கும். அவளும் சிரிப்பாள். அண்ணாச்சி அதைக் கேலியாகச் சொல்வதில்லை. அதற்கு என்ன பெயர் வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஆண்கள் வார்டின் பொறுப்பு நர்ஸ் அஸ்மத்துன்னிசா ஆரம்பத்திலேயே ஒன்று சொல்லியிருந்தார். "கை நகம் வெட்டுங்க, பரவாயில்ல. சுகர் பேஷன்ட் கால்ல மட்டும் கை வைக்காதீங்க. சின்னக் கீறல் போதும், அது எங்க போய் நிக்கும்னு சொல்ல முடியாது." சுகிர்தம் தலையாட்டினாள். அந்தச் சொல்லை அவள் மீறியதே இல்லை, கபாலி கேட்கும் வரை.

கபாலி சிந்தாதிரிப்பேட்டைக்காரர். மீன்பாடி என்கிற மூன்று சக்கரச் சுமைவண்டியில் லோடு அடித்துக்கொண்டிருந்தவர். சர்க்கரை முற்றி இடது காலில் விரல்களை எடுத்தாகிவிட்டது. புண் ஆறாமல் கட்டுப்போட்டுக் கிடந்தார். வலது கால் நன்றாக இருந்தது. "இந்தக் காலு ஒண்ணுதான் உருப்படியா கீது. இத வச்சிதான் மிச்ச லோடு அடிக்கணும்" என்று அதை ஒரு குழந்தையைத் தட்டுவதுபோலத் தட்டிக்கொள்வார்.

ஒரு ஞாயிறு அவளைக் கண்டதும் குரல் கொடுத்தார். "இன்னா நகவெட்டிம்மா, கைக்குதான் வைத்தியமா? காலு இன்னா பாவம் பண்ணுச்சு? பாரு, போர்வைல மாட்டிக்கினு மாட்டிக்கினு இழுக்குது."

"கால் வெட்டக் கூடாதுன்னு சிஸ்டர் சொல்லியிருக்காங்க."

"சிஸ்டராண்ட கேட்டேன். வரேன் வரேன்னுச்சு. அதுக்கு எத்தினி கட்டிலு! ராத்திரி புரண்டா நகம் பேத்துக்கினு பூடும்மா. அப்போ ரத்தம் வர்றதுக்கு நீ இப்போ வெட்டிவுட்டா நல்லதா இல்லியா?"

உண்மைதான். கட்டைவிரல் நகத்தின் ஓரம் பிளந்து, போர்வை நூல் அதில் சிக்கியிருந்தது. வார்டில் அந்த நேரத்துக்கு சிஸ்டர் இல்லை. சுகிர்தம் மடியில் ஒரு துண்டை விரித்து, காலை எடுத்து அதன் மேல் வைத்தாள். தோலிலிருந்து நன்றாகத் தள்ளி, கொஞ்சம் கொஞ்சமாக, ஹூக் வைக்கிற நிதானத்தோடு வெட்டினாள். கட்டைவிரல் முடிந்தது. அடுத்தடுத்த விரல்களும் முடிந்தன. சுண்டுவிரலின் நகம் தோலோடு ஒட்டிச் சுருண்டிருந்தது. குனிந்து, நகவெட்டியின் வாயை அதன் அடியில் மெல்ல நுழைத்தாள்.

"எல்லாரும் ஜெபிப்போம்" என்றார் வார்டின் நடுவில் நின்றிருந்த அண்ணாச்சி.

கண்கள் மூடின. தலை குனிந்தது. விரல்கள் அழுந்தின.

நகம் வெட்டுப்பட்டால் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அது வரவில்லை. ஏதோ மெத்தென்று அகப்பட்டது அவள் விரல்களுக்குத் தெரிந்தது. "அன்பின் பரலோகப் பிதாவே" என்று அண்ணாச்சி தொடங்கியிருந்தார். கபாலி கத்தவில்லை, காலை இழுக்கவும் இல்லை. ஒன்றும் ஆகியிருக்காது என்று அவள் நினைத்தாள். ஆகியிருந்தால் கத்தியிருப்பார். அண்ணாச்சி டாக்டர்களுக்காக ஜெபித்தார், நர்ஸ்களுக்காக ஜெபித்தார், ஆட்சி செய்கிறவர்களுக்காகவும் நல்ல மழைக்காகவும் ஜெபித்தார். மடியில் ஈரம் படுவது போலிருந்தது. அப்போதும் அவள் கண்ணைத் திறக்கவில்லை. "ஆமென்" வந்த பிறகுதான் திறந்தாள்.

மடியில் விரித்திருந்த துண்டில் ரத்தம் பரவியிருந்தது. சுண்டுவிரலின் நுனியில் சதை பிளந்து வாய் திறந்திருந்தது.

"ஐயோ" என்றாள்.

கபாலி எட்டிப் பார்த்தார். "அட, ரத்தமா? எனுக்கு ஒண்ணுமே தெரிலியே." அவர் சிரித்தார். சிரித்தபடியே அவர் முகம் மாறியது. வலிக்க வேண்டிய இடத்தில் வலிக்கவில்லை என்பது அவருக்கும் அப்போதுதான் உறைத்தது. "இந்தக் காலும் மரத்துப் பூச்சா நைனா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

பாட்டு அம்மாக்கள் பஞ்சைத் தேடினார்கள். அண்ணாச்சி விரலைத் துண்டால் அழுத்திப் பிடித்தார். ரத்தம் நின்றதும், "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று போர்வையை இழுத்து மூடினார். கபாலியும், "வுடும்மா, இத்தினூண்டு காயம். நீ இன்னா வேணும்னா பண்ண?" என்றார். பார்வையாளர் நேரம் முடிகிற மணி அடித்தது. எல்லோரும் கீழே இறங்கினார்கள்.

பஸ் நிறுத்தத்தில் சுகிர்தம் துண்டை மடித்துப் பையில் வைத்தாள். வெளியே எடுத்தாள். மறுபடி வைத்தாள். அவர்கள் ஏற வேண்டிய பஸ் வந்து நின்றது.

"ஏறும்மா" என்றார் அண்ணாச்சி.

"சிஸ்டர்கிட்ட சொல்லிட்டு வந்துடறேன் அண்ணாச்சி."

"சொல்லி? நாளைக்கே ஒருத்தரும் உள்ள வரக்கூடாதுன்னுருவாங்க. எத்தனை வருஷமா நடக்குற ஊழியம், யோசிச்சுப் பாரு. ஒரு நகத்துக்காக எல்லாம் நின்னு போவணுமா? ஆண்டவர் பாத்துக்கிடுவார்."

"ஆண்டவர் பாத்துப்பாரு. சிஸ்டரும் பாக்கணும் இல்ல?"

அண்ணாச்சிக்குக் கோபம் வந்தது. "நான் சொல்லுதேன், கேக்க மாட்டேங்க. அவரே பெருசு பண்ணல. நீ என்னத்துக்குப் பெருசு பண்ணுத?"

பஸ் கிளம்பியது. சுகிர்தம் ஏறவில்லை. சாலையைக் கடந்து ஆஸ்பத்திரி வாசலுக்கு ஓடினாள். நேரம் முடிந்துவிட்டது என்று காவலாளி மறித்தார். அவள் பேசாமல் துண்டை விரித்துக் காட்டினாள். அவர் வழிவிட்டார்.

அஸ்மத்துன்னிசா மருந்துத் தட்டோடு வார்டுக்குள் நுழைந்துகொண்டிருந்தார். சுகிர்தம் சொன்னதைக் கேட்டுத் தட்டை வைத்துவிட்டு வேகமாகக் கபாலியின் கட்டிலுக்குப் போய்ப் போர்வையை விலக்கினார்.

"யார் வெட்டினது இது?"

"நாந்தான் சிஸ்டர்" என்றார் கபாலி. "நானே வெட்டிக்கினேன்."

"உங்க கை உங்க காலுக்கு எட்டுமா? எழுந்து உட்காரவே ரெண்டு பேர் வேணும்." சிஸ்டர் சுகிர்தத்தின் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை. "சொன்னேனா இல்லையா? படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க."

"பின்ன?"

நகம் போர்வையில் மாட்டியது என்று சொல்லலாம். ஜெபத்தில் கண் மூடிக்கொண்டது என்று சொல்லலாம். சொன்னாள், இரண்டையும், தலையைக் குனிந்துகொண்டே. சிஸ்டர் காயத்தில் படாமல் போர்வையை ஒதுக்கி வைத்தார்.

"இனி உங்க ஆளுங்க யாரும் இந்த வார்டுக்குள்ள வர வேணாம். பாட்டும் வேணாம், பன்னும் வேணாம். போங்க."

அவள் படியிறங்கும்போது டூட்டி டாக்டர் மேலே ஓடிக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் தையல் ஓடவில்லை. ஹூக்கை இடம் மாற்றி வைத்துவிட்டு, பிரித்து, மறுபடி வைத்தாள். பாட்டு அம்மாக்களில் ஒருவர் போன் செய்து, "நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாம்" என்றார். அண்ணாச்சி வீட்டுக்கே வந்துவிட்டார். காபியைத் தொடவில்லை.

"மொத்த ஊழியத்தையும் ஒரே நாள்ல நிறுத்திட்டியே சுகிர்தம்."

வேலைக்குக் கிளம்ப பெல்ட் மாட்டிக்கொண்டிருந்த தேவசகாயம் உள்ளிருந்து சொன்னார்: "பாடுறதுக்கு இடமில்லைன்னா இங்க வந்து பாடுங்க அண்ணாச்சி. எனக்கும் முட்டி வலி இருக்கு."

அண்ணாச்சி அவரை முறைத்துவிட்டு எழுந்து போனார். சுகிர்தம் கணவரைக் கடிந்துகொண்டாள். ஆனால் அவள் நினைப்பு ஊழியத்தில் இல்லை. கண்ணை மூடினால் அந்த விரல் வந்தது. படுக்கும் முன் ஜெபிக்க முட்டி போட்டாள், முடியவில்லை. கடைசியில் துணியை மடியில் போட்டு, கண்ணைத் திறந்துகொண்டு, ஊசி ஏறி இறங்குவதைப் பார்த்தபடியே, "அந்தக் காலை விட்டுடுங்க ஆண்டவரே" என்று முணுமுணுத்தாள். கண்ணைத் திறந்துகொண்டு அவள் செய்த முதல் ஜெபம் அது. அது செல்லுமா என்று அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

தினமும் பார்வையாளர் நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனாள். வார்டுக்குள் போகவில்லை. வெளியே மாடிப்படியின் வளைவில் நின்றாள். முதல் நாள் அந்த வழியாக வந்த சிஸ்டர், "இங்க எதுக்கு நிக்கிறீங்க?" என்றார்.

"கால்..."

"சிவந்திருக்கு."

அடுத்த நாள் கேட்காமலே சொன்னார்: "வீங்கியிருக்கு. ஊசி மாத்தியிருக்கோம்."

அதற்கடுத்த நாள் சிஸ்டருக்கு விடுப்பு. வந்த நர்ஸுக்கு இவள் யாரென்று தெரியவில்லை. மறுநாள் சிஸ்டர் கையில் காகிதங்களோடு வேகமாக வந்தார். இவளைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் கடந்து போனார்.

சுகிர்தம் மிச்சப் படிகளை ஏறினாள். வரக்கூடாது என்று சொல்லப்பட்ட வார்டுக்குள் நுழைந்தாள்.

கபாலியின் கட்டில் காலியாக இருந்தது. விரிப்பை உருவி எடுத்திருந்தார்கள். ரெக்சின் மெத்தை வெறுமையாகக் கிடந்தது. அலமாரியின் மேல் அவருடைய டம்ளர் மட்டும் இருந்தது.

பக்கத்துக் கட்டில்காரர் கையில் மாவுக்கட்டோடு படுத்திருந்தார். "கபாலியா? தியேட்டருக்கு இட்டுக்கினு பூட்டாங்கோ."

"எதுக்கு?"

"காலுக்குத்தான்."

"எந்தக் காலு?"

"கட்டு போட்ட காலு."

"ரெண்டு கால்லயும்தானே கட்டு. எந்தக் காலுங்க?"

"நான் இன்னா டாக்டரா? எனுக்கு எப்படித் தெரியும்?"

தியேட்டருக்கு வெளியே நீளமான பெஞ்ச் ஒன்று இருந்தது. அங்கே கனகராஜ் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கடையிலிருந்து கொண்டுவந்த புது எவர்சில்வர் தூக்கு. ஸ்டிக்கர் கூடக் கிழிக்கவில்லை. அவளைப் பார்த்ததும் சங்கடத்தோடு நகர்ந்து இடம் கொடுத்தார்.

"கஞ்சி கொண்டாந்தேன்" என்றார். "தெனமும் காலைல வாரேன், சிஸ்டர் கஞ்சிக்கு மட்டும் விட்டாங்க. அவர் பேச்சு ஒரு மாதிரிதான், ஆனா நல்ல மனுசன்."

"எந்தக் காலு அண்ணாச்சி?"

"கேட்டேன். உள்ள விட மாட்டேங்காங்க, சொல்லவும் மாட்டேங்காங்க."

இருவரும் எதிரே மூடியிருந்த கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஸ்ட்ரெச்சர்கள் போயின, வந்தன. ஒவ்வொரு முறையும் சுகிர்தம் எழுந்து உட்கார்ந்தாள்.

"நீ கட்டர் வச்சிருந்ததை நான் பாக்கல" என்றார் அண்ணாச்சி திடீரென்று. "பாத்திருந்தா ஆரம்பிச்சிருக்க மாட்டேன்."

"எப்படிப் பாப்பீங்க? கண்ணை மூடிட்டுத்தானே 'ஜெபிப்போம்'னே சொல்லுவீங்க."

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். இவ்வளவு நீளமாக அவள் பேசி அவர் கேட்டதில்லை. வழக்கமாக இந்த இடத்தில் அவர் ஜெபிக்கலாமா என்று கேட்பார். அன்று கேட்கவில்லை. சுகிர்தத்துக்கு அது உதவியாக இருந்தது.

கதவு திறந்தது. ஸ்ட்ரெச்சரின் தலைமாட்டில் அஸ்மத்துன்னிசா வந்தார். கபாலி வாய் திறந்து மயக்கத்தில் கிடந்தார். கழுத்திலிருந்து கால் வரை பச்சைத் துணி. சுகிர்தம் கால்மாட்டையே பார்த்தாள். இடது பக்கம் துணி பெரிதாகப் புடைத்திருந்தது. வலது பக்கம் துணி மடிந்து கிடந்தது. அதற்கடியில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. அவள் எழுந்து ஸ்ட்ரெச்சரின் குறுக்கே போய் நின்றாள்.

சிஸ்டர் ஸ்ட்ரெச்சரை நிறுத்தச் சொன்னார். வலது பக்கத் துணியை விலக்கினார்.

கால் இருந்தது. ஐந்து விரல்களும் இருந்தன. சுண்டுவிரலில் மஞ்சள் மருந்து பூசிச் சின்னதாகக் கட்டுப் போட்டிருந்தது. வீக்கம் வடிந்து தோல் சுருங்கியிருந்தது.

"இடது காலுக்குத் தோல் எடுத்து ஒட்டியிருக்காங்க. ஏற்கெனவே செய்ய இருந்ததுதான்" என்றார் சிஸ்டர். "இது ஆறிட்டு வருது."

சுகிர்தம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்போ படிகிட்ட உங்களைப் பாத்துட்டுப் பேசாம போனேன்னு நினைக்காதீங்க. இவர் பேப்பரத்தான் கொண்டு ஓடினேன்." சிஸ்டர் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போகச் சொல்லிவிட்டு நின்றார். "நீங்க திரும்பி வந்து சொல்லலைன்னா அந்தக் காலை நான் உடனே பாத்திருக்க மாட்டேன். அவருக்கு வலிக்கலை, அவரும் சொல்லியிருக்க மாட்டார். போர்வைக்குள்ளயே அழுகியிருக்கும்." கொஞ்சம் நிறுத்தி, "அதுக்காக நீங்க செஞ்சது சரின்னு ஆயிடாது" என்றார்.

"இல்ல சிஸ்டர்."

"வார்டுல எல்லாரும் நகம் வெட்டற அம்மா எங்கன்னு கேக்கறாங்க. அடுத்த மாசம் வாங்க. கை மட்டும். கால் நகம் வெட்டணும்னா என்னைக் கூப்பிடுங்க, நான் வந்து வெட்டறேன்."

அண்ணாச்சி தயங்கி, "பாட்டு, ஜெபம்...?" என்றார்.

"மெதுவாப் பாடுங்க. ஜெபமும் பண்ணுங்க. ஆனா இவங்க கண்ணைத் திறந்து வச்சிருக்கணும். நாங்க கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டுத்தான் தொழறோம். அல்லா கோவிச்சுக்கிட்டதில்ல."

மறு மாதம் போனார்கள். கபாலி சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவளைக் கண்டதும் வலது காலைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டு, "வந்துட்டாம்மா! காலை எட்து உள்ள வையிங்கடா!" என்று வார்டு முழுக்கக் கேட்கும்படி கூவினார். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு, "கை கீது, வெட்டு" என்று வலது கையை நீட்டினார். அவள் அதை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

பாட்டு முடிந்தது. வசனம் முடிந்தது. அண்ணாச்சி வார்டின் நடுவில் வந்து நின்றார். வாயைத் திறந்தவர் நிறுத்திவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"முடிச்சிட்டியாம்மா?"

இன்னும் மூன்று விரல்கள் பாக்கி. அதற்குப் பிறகு மாவுக்கட்டுக்காரர் நல்ல கையை நீட்டி வைத்துக் காத்திருந்தார்.

"நீங்க ஜெபிங்க அண்ணாச்சி. நான் பாத்துக்கறேன்."

"ஜெபிப்போம்" என்றார்.

இமைகள் இறங்க வந்தன. அவள் இறங்க விடவில்லை. பெஞ்சின் மேல் ஏறி நின்ற நாளுக்குப் பிறகு முதல்முறையாக, ஜெபிக்கிற முகங்களைப் பார்த்தாள். வாத்தியாரின் உதடுகள் அசைந்தன. பாட்டு அம்மாளின் புருவம் நெரிந்திருந்தது. அண்ணாச்சியின் கைகள், கடையில் பாத்திரம் எடுத்துக் கொடுப்பதுபோல, இரண்டு பக்கமும் ஏந்தியிருந்தன. வாசலில் அஸ்மத்துன்னிசா நின்று அவளையே கவனித்துக்கொண்டிருந்தார். கபாலியும் கண்ணைத் திறந்துவைத்திருந்தார்.

"மூடுங்க" என்று சைகை காட்டினாள்.

"நீ மட்டும் தொறந்துகினு கீற?" என்று கிசுகிசுத்தார்.

அண்ணாச்சி டாக்டர்களைத் தாண்டி, நர்ஸ்களைத் தாண்டி, மழைக்கு வந்திருந்தார். சுகிர்தம் மோதிர விரலைப் பிடித்து, நகத்தை மட்டும் கவ்வி, அழுத்தினாள். 'டக்' என்றது. நன்றாகக் கேட்டது.

"ஆமென்" என்றாள், கண்ணை எடுக்காமல். அடுத்து சுண்டுவிரலை எடுத்தாள்.